எழுத்தில் பிறக்கும் திரை



கணினித் திரையில் நாம் பார்க்கும் சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றை எழுத்தாக எழுதி, அந்த எழுத்தை டெர்மினலில் ஒரு கம்பைலரிடம் கொடுத்து, உயிருள்ள திரையாக மாற்றிக்கொள்ளும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதற்கு எத்தனையோ கருவிகள் உண்டு. அவற்றுள் ஒன்றையே நடுவில் வைத்துப் பேசுவேன். க்னோம் என்ற கட்டற்ற மேசைத்தள உலகத்தில் புழங்கும் புளூபிரிண்ட் கம்பைலர் அது.

கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றை எதற்காகக் கையால் எழுத வேண்டும்? பொத்தானை எடுத்து, இழுத்து, வேண்டிய இடத்தில் விட்டால் போதாதா? கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வண்ணத்திரை செய்வது ஏன்? இந்தக் கேள்விகளை மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விகள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையின் விவரிப்பு மனிதர் படிக்கக்கூடிய எழுத்தாக இருந்தால், அந்தத் திரையில் கைவைக்கக்கூடியவர்களின் கூட்டம் பெருகும். எழுதியதைச் சரிபார்க்க ஒரு கம்பைலர் நின்றால், அந்தக் கூட்டம் அஞ்சாமல் கைவைக்கும். இன்று நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒன்றுக்காகத்தான்.

இது புதிய எண்ணமா? இல்லை. 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தபோதே, அதற்கு நிரல் எழுதுவோருக்கான கருவிப்பெட்டியில் ரிசோர்ஸ் கம்பைலர் என்ற ஒன்று இருந்தது. உரையாடல் பெட்டியில் எந்தப் பொத்தான் எங்கே நிற்கும், அதன் அகலம் என்ன, உயரம் என்ன என்பதை ஒரு கோப்பில் எழுதுவார்கள். கட்டளை ஒன்றைத் தட்டினால் அது இருமக் கோப்பாகி, கடைசியில் நிரலோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த முறை விண்டோஸில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் நான் உங்களைச் சற்று நேரம் நிறுத்திவைக்க விரும்பும் இடம் மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்பு. யூனிக்ஸ் கணினிகள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அரசாண்ட காலம் அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் பிறந்த எக்ஸ் சாளர அமைப்பு எங்கும் பரவியிருந்தது. அதன்மேல் ஒரு சாளரம் கட்ட வேண்டுமானால் பொத்தான், கட்டம் போன்ற ஒவ்வொரு விட்ஜெட்டையும் சி மொழியில் ஒவ்வொரு அழைப்பாக எழுத வேண்டும். பத்துப் பொத்தான் என்றால் பத்து அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை பண்புகள். பொத்தானின் பெயரில் ஒரு சொல்லை மாற்றவா? சி நிரலைத் திறக்க வேண்டும். மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மறுபடி லிங்க் செய்ய வேண்டும். அன்றைய கணினிகளில் அதற்கு ஆகும் நேரத்தை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்ப்பதே கடினம்.

1988-இல் ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் மோட்டிஃப் வெளிவந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் டெக்விண்டோஸ் அமைப்புக்காக உருவாக்கியிருந்த ஒரு மொழியும் மோட்டிஃபுக்குள் வந்து சேர்ந்தது. யூஐஎல் என்று அதற்குப் பெயர். இடைமுகத்தை விவரிப்பதற்கென்றே உருவான மொழி. அதில் திரையின் பொருள்களை எழுதுவீர்கள். எது எதற்குள் அடங்கும் என்று எழுதுவீர்கள். பொத்தானை அழுத்தினால் எந்தச் செயல்கூறு ஓட வேண்டும் என்று அதன் பெயரை எழுதுவீர்கள். டெர்மினலில் அந்த மொழியின் பெயரையே கட்டளையாகத் தட்டினால் யூஐடி என்ற இருமக் கோப்பு பிறக்கும். நிரல் ஓடத் தொடங்கும்போது மோட்டிஃபின் வள மேலாளர் அந்தக் கோப்பைத் திறந்து, சாளரத்தைக் கட்டித் தரும்.

இதனால் விளைந்தது என்ன? பொத்தானின் பெயரை மாற்ற, சி நிரலைத் தொட வேண்டியதில்லை. யூஐஎல் கோப்பை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் போதும். அதைவிட அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே நிரலுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு யூஐடி கோப்பு வைத்துக்கொள்ளலாம். பயனரின் கணினியில் மொழி என்னவென்று சூழல் மாறி சொல்லும். அதற்கேற்ற கோப்பை வள மேலாளர் தானே தேடி எடுக்கும். பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சுத் திரை, ஜெர்மானியருக்கு ஜெர்மன் திரை; நிரல் ஒன்றே. திரையை நிரலிலிருந்து பிரித்து எழுதியதால் கிடைத்த முதல் பெரும்பேறு அது.

அதற்குக் குறைகளும் இருந்தன. எந்த விட்ஜெட்டுக்கு எந்தப் பண்பு உண்டு என்ற பட்டியல் யூஐஎல் கம்பைலருக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டிருந்தது. நீங்கள் சொந்தமாக ஒரு விட்ஜெட் செய்தால் கம்பைலருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவைக்க வேண்டுமானால் தனியே ஒரு விவரிப்பு மொழியில் எழுதி, கம்பைலரையே மறுபடி கட்ட வேண்டும். இன்னொன்று: செயல்கூறின் பெயரை யூஐஎல் கோப்பில் எழுதலாமே தவிர, அப்படி ஒரு செயல்கூறு நிரலில் இருக்கிறதா என்று கம்பைலரால் பார்க்க முடியாது. நிரல் ஓடும்போதுதான் தெரியும். இந்த இரண்டு குறைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று தீர்ந்தது. மற்றது இன்னும் தீரவில்லை.

இடையில் வந்தவை பல. க்யூட்டி என்ற கருவித்தொகுப்பின் உலகத்தில் யூஐசி என்ற கம்பைலர், வடிவமைப்புக் கோப்பைப் படித்து சி++ தலைப்புக் கோப்பாகவே எழுதித் தருகிறது. மொழிபெயர்க்க வேண்டிய சொற்களை அது தனியே ஒரு செயல்கூறுக்குள் திரட்டி வைக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மொழியை மாற்றினால், அந்தச் செயல்கூறை அழைத்தவுடன் திரை புதிய மொழிக்கு மாறுகிறது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இதுதான் கதை. அதில் நீங்கள் விரல் வைக்கும் திரைகளுள் மிகப் பல, எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதப்பட்டு, கட்டளைவரிக் கருவி ஒன்றால் இருமமாக மாற்றப்பட்டவை.

இனி க்னோமுக்கு வருவோம். 1997-இல் தொடங்கிய திட்டம் அது. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின்மேல் எழுந்தது. 1998-இல் டேமன் சாப்ளின் கிளேட் என்ற வடிவமைப்புக் கருவியைத் தந்தார். சுட்டியால் இழுத்துத் திரை செய்யலாம்; கருவி அதை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கும். 2007-இல் ஜிடிகே 2.12 வந்தபோது அதையொத்த எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் திறன் கருவித்தொகுப்புக்குள்ளேயே இடம்பெற்றது. கிளேட் பலருக்குச் சோறு போட்ட கருவி. எத்தனையோ பேர் அதில்தான் தங்கள் முதல் சாளரத்தைக் கட்டினார்கள். அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

சிக்கல் எங்கே எழுந்தது? அந்த எக்ஸ்எம்எல் கருவி படிக்க ஏற்றது. மனிதர் படிக்க ஏற்றதன்று. ஒரு பொத்தான், அதன்மேல் ஒரு சொல், அழுத்தினால் ஒரு செயல். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்குத் திறப்புக்குறி, மூடுகுறி, பண்பின் பெயருக்கு ஒரு மேற்கோள், வகுப்பின் பெயருக்கு ஒரு மேற்கோள், மொழிபெயர்க்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. சொல்ல வந்த செய்தியைவிட அதைச் சுற்றிய குறிகளே அதிகம். நண்பர் ஒருவர் திரையில் செய்த மாற்றத்தைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் தொட்ட இடம் எது, கருவி தானாகச் சேர்த்த இடம் எது என்று பிரிப்பதே பெரும்பாடு. 2020 டிசம்பரில் ஜிடிகே 4.0 வந்தது. கிளேட் அதற்கு வரவில்லை. கிளேடைப் பராமரித்த ஹுவான் பாப்லோ உகார்த்தே, கம்பலாச்சே என்ற புதிய வடிவமைப்புக் கருவியைத் தொடங்கினார். சுட்டியால் இழுத்துச் செய்ய விரும்புவோருக்கு அது இன்றும் நல்ல வழி.

ஜேம்ஸ் வெஸ்ட்மேன் வேறு திசையில் போனார். எழுதத்தான் போகிறோம் என்றால், எழுதத் தகுந்த ஒரு மொழியில் எழுதலாமே என்று எண்ணினார். 2021-இல் புளூபிரிண்ட் வெளிவந்தது. மொழியும் அவருடையது; கம்பைலரும் அவருடையது. கம்பைலர் பைத்தானில் எழுதப்பட்டது. கட்டற்ற உரிமத்தில் கிடைப்பது. டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்களில் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம்.

அது செய்யும் வேலை என்ன? ஒன்றே ஒன்று. நீங்கள் எழுதும் புளூபிரிண்ட் கோப்பைப் படித்து, ஜிடிகேக்கு ஏற்கெனவே புரியும் அதே எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தருகிறது. நிரலில் மாற்றம் இல்லை. பயனரின் கணினியில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நாளைக்கே புளூபிரிண்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தால், கடைசியாகக் கிடைத்த எக்ஸ்எம்எல்லை வைத்துக்கொண்டு உங்கள் வழியே போகலாம். ஒரு கருவி தன்னை விட்டுப் போகும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது என்றால், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிப் பார்ப்போம். புத்தகம் இரவல் தரும் இடத்துக்கு ஒரு சிறு திரை வேண்டும். பெயர் எழுத ஒரு கட்டம். ‘விதிகளைப் படித்தேன்’ என்று குறியிட ஒரு பெட்டி. கீழே ‘பதிவுசெய்’ என்ற பொத்தான்.

கோப்பின் முதல் வரியில் ஜிடிகே 4.0-ஐப் பயன்படுத்துகிறேன் என்று அறிவிக்க வேண்டும். அடுத்து சாளரத்தின் பெயர், அது எந்த வகையிலிருந்து பிறக்கிறது என்ற குறிப்பு, ஒரு நெளிவடைப்பு. அடைப்புக்குள் தலைப்பு என்ன, அகலம் எவ்வளவு என்று வரிக்கு ஒன்றாக எழுதுகிறோம். பண்பின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, அரைப்புள்ளி, அவ்வளவே இலக்கணம். உள்ளே ஒரு பெட்டி. நிலைக்குத்தாக அடுக்கு என்று அதற்கு ஒரு வரி. பெட்டிக்குள் பெயர்க் கட்டம், குறியிடும் பெட்டி, பொத்தான். எது எதற்குள் இருக்கிறதோ, அது அதன் அடைப்புக்குள் இருக்கிறது. கோப்பைப் பார்த்தவுடனே திரையின் எலும்புக்கூடு கண்ணில் தெரிகிறது.

விதிகளைப் படித்ததாகக் குறியிட்ட பிறகுதான் பொத்தான் விழிக்க வேண்டும். அதற்கு முன் அது மங்கிக் கிடக்க வேண்டும். இதற்கு நிரல் எழுத வேண்டுமா? வேண்டாம். பொத்தானின் இயங்குநிலையைக் குறிப்பெட்டியின் நிலையோடு பிணைத்துவிடு என்று ஒரே வரி. எக்ஸ்எம்எல்லில் இதையே மூலத்தின் பெயர், மூலத்தின் பண்பு, பிணைப்பின் தன்மை என்று மூன்று குறிப்புகளாகப் பிரித்து எழுத வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டிய செயலுக்கு ஓர் அம்புக்குறியும் செயல்கூறின் பெயரும் போதும். நிரலே எழுதாத ஒருவர் இந்தக் கோப்பைப் படித்தாலும் பாதிக்கு மேல் புரிந்துகொள்வார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போது டெர்மினலுக்கு வாருங்கள். கம்பைலரின் பெயர், ‘கம்பைல்’ என்ற சொல், விளைவு எந்தக் கோப்பில் போக வேண்டும், எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும். இவ்வளவுதான் கட்டளை. எல்லாம் சரியாக இருந்தால் கம்பைலர் ஒரு சொல்லும் பேசாது. எக்ஸ்எம்எல் தயாராகியிருக்கும்.

சரியாக இல்லாவிட்டால்? அங்கேதான் இதன் பெருமை. ‘லேபிள்’ என்ற பண்பின் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டை இடம்மாற்றித் தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். நம் விரல்கள் அடிக்கடி செய்யும் பிழை. பழைய முறையில் என்ன நடக்கும்? எக்ஸ்எம்எல் என்ற அளவில் அதில் குற்றமே இல்லை; குறிகள் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியிருக்கின்றன. கோப்பு நிரலுக்குள் பொதியப்படும். நிரல் கட்டி முடிக்கப்படும். பயனரின் கணினிக்கும் போய்ச் சேரும். என்றோ ஒருநாள் அவர் ஒரு பட்டியலைத் திறந்து அந்தச் சாளரத்தை அழைப்பார். அப்போது அங்கே பிழை வெடிக்கும். புளூபிரிண்டில்? கட்டளை தட்டிய நொடியே நிற்கும். எந்த வரி, எந்த எழுத்து என்று சுட்டிக் காட்டும். பொத்தானுக்கு இப்படி ஒரு பண்பு இல்லை என்று சொல்லும். ‘லேபிள் என்று எழுத நினைத்தீர்களா?’ என்று கேட்கவும் செய்யும். நல்ல அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவர், பக்கம் எந்திரத்துக்குப் போகுமுன்னே ஓரத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புவாரே, அந்த வேலையை இந்தக் கம்பைலர் செய்கிறது.

பொத்தானுக்கு என்னென்ன பண்புகள் உண்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? யாராவது உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. ஜிடிகேயின் சி மூலநிரலையும் அதிலுள்ள குறிப்புகளையும் அலசி, இந்த வகுப்புக்கு இந்தப் பண்பு, இந்தச் சைகை, இந்த மதிப்புவகை என்று விவரம் திரட்டும் ஏற்பாடு க்னோமில் முன்பே இருக்கிறது. அந்த விவரங்கள் டைப்லிப் என்ற கோப்பாக நிறுவப்படுகின்றன. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஜிடிகேயைப் பயன்படுத்த முடிவது அந்தக் கோப்புகளால்தான். புளூபிரிண்ட் அவற்றையே எடுத்துப் படிக்கிறது. ஜிடிகேயில் புதிய விட்ஜெட் வந்தால் கம்பைலருக்குத் தானே தெரிந்துவிடும். மோட்டிஃப் காலத்தில் கம்பைலரையே மறுபடி கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னேனே, டைப்லிப் உள்ள விட்ஜெட்டுகளைப் பொறுத்தவரை அந்தக் குறை இங்கே தீர்ந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் கணினியில் ஜிடிகே 4-இன் டைப்லிப் இல்லாவிட்டால் கம்பைலர் முதல் வரியிலேயே நின்றுவிடும். மாணவர்கள் பலர் அங்கே திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குரிய பொதியை நிறுவினால் போதும்.

தீராத மற்றொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் சொந்தமாகச் செய்த வகுப்புகளையும், செயல்கூறுகளின் பெயர்களையும் புளூபிரிண்டில் டாலர் குறியோடு எழுத வேண்டும். அவை நிரலில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று கம்பைலர் பார்ப்பதில்லை, பார்க்கவும் வழியில்லை. 1989-இல் யூஐஎல் நின்ற அதே வாசலில்தான் இதுவும் நிற்கிறது. ஒரு முன்னேற்றம் உண்டு: டாலர் குறியைக் கண்டவுடனே, இங்கே காவல் இல்லை, நாம்தான் கவனிக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நண்பர்களே, கட்டளைவரி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? சுட்டியால் இயங்கும் கருவிக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார வேண்டும். கட்டளைக்கு மனிதர் வேண்டியதில்லை. மெசான் போன்ற கட்டமைப்புக் கருவி அதை அழைக்கும். திரையே இல்லாத சர்வர் ஒன்று நள்ளிரவில் அழைக்கும். திட்டத்திலுள்ள எல்லாப் புளூபிரிண்ட் கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றித் தரத் தனிக் கட்டளையே உண்டு. பிழை இருந்தால் கம்பைலர் பூஜ்யம் அல்லாத ஓர் எண்ணைத் திருப்பும். அதைக் கண்டவுடன் கட்டுமானம் முழுதும் நிற்கும். முன்பின் அறியாத ஒருவர் எங்கிருந்தோ ஒரு திருத்தம் அனுப்புகிறார் என்று வையுங்கள். அதை ஏற்கலாமா என்று பொறுப்பாளர் எண்ணிப் பார்க்குமுன்பே, சர்வரில் கம்பைலர் ஓடி, எழுத்துப்பிழை உண்டா இல்லையா என்று சொல்லியிருக்கும். வரிகளை ஒழுங்காக உள்தள்ளி அடுக்கும் கட்டளையும் அதே கருவியில் இருக்கிறது. எத்தனை கைகள் எழுதினாலும் கோப்பு ஒரே கையால் எழுதியதுபோல் இருக்கும். அப்போது பொறுப்பாளர் பார்க்க வேண்டியது அந்தத் திருத்தம் நல்லதா என்பதை மட்டுமே. புதியவர்களை வரவேற்கும் திட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அடுத்து, நமக்கு மிக நெருக்கமான ஒரு விஷயம். திரையில் தமிழ்.

விண்டோஸின் பழைய ரிசோர்ஸ் கோப்பில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இடமும் அளவும் எண்களால் குறிக்கப்பட்டன. கிடைமட்டத்தில் சராசரி எழுத்தகலத்தின் நான்கில் ஒரு பங்கு ஓர் அலகு. செங்குத்தில் எழுத்துயரத்தின் எட்டில் ஒரு பங்கு ஓர் அலகு. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பெட்டியில் ‘விருப்பத்தேர்வுகள்’ என்று தமிழ் எழுதினால் என்ன ஆகும்? வால் அறுபடும். ‘ரத்துசெய்’ என்பதற்கும் அதே கதி நேரலாம். மொழிபெயர்ப்பவர் எவ்வளவு நல்ல தமிழ் எழுதினாலும், அளவெண் அவர் கையில் இல்லை. ஜிடிகேயில் அப்படி எண்ணால் இடம் குறிப்பதில்லை. பெட்டிக்குள் பெட்டி, பெட்டிக்குள் பொத்தான். சொல் நீண்டால் பொத்தான் விரியும். பொத்தான் விரிந்தால் பெட்டி இடம் கொடுக்கும். புளூபிரிண்ட் எழுதும்போது இந்த உறவுகளைத்தான் எழுதுகிறோம். ஆகவே நல்ல விவரிப்பு எழுதியவர், தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவராக இருந்தாலும், தமிழுக்கு இடம் ஒதுக்கியே எழுதியிருக்கிறார்.

மொழிபெயர்க்க வேண்டிய சொல்லை ஓர் அடிக்கோட்டோடு அடைப்புக்குறிக்குள் வைத்து எழுதினால் போதும். மொழிபெயர்ப்புக் கருவி அதைத் திரட்டி, தன்னார்வலர்களின் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல் கட்டளையாகவும் வரும், நிலையைக் குறிக்கவும் வரும். தமிழில் ‘திற’ வேறு, ‘திறந்துள்ளது’ வேறு அல்லவா? அதற்காக, இந்தச் சொல் எங்கே வருகிறது என்ற சூழலையும் சேர்த்து எழுத மொழியில் வசதி இருக்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் திரை எழுதுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதுபவருக்கு அரை நிமிட வேலை. அதை அவர் செய்யாமல் விட்டால், உலகெங்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருட்டில் கை துழாவ வேண்டும்.

இன்னும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பார்வையற்ற ஒரு நிரலாளர். திரைவாசிப்பானின் குரலைக் கேட்டு, விசைப்பலகையில் நிரல் எழுதுபவர். சுட்டியால் பொத்தானை இழுத்து, கண்ணளவில் இடம் பார்த்து விடும் கருவியை அவரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அந்தக் கருவி அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எழுத்தால் விவரிக்கும் மொழியை அவரிடம் கொடுங்கள். வரி வரியாகக் கேட்பார். வரி வரியாக எழுதுவார். கட்டளை தட்டுவார், பிழை எந்த வரியில் என்று கம்பைலர் எழுத்தாகவே சொல்லும், அந்த எழுத்தையும் குரல் படித்துக் காட்டும். வரைகலைத் திரையைக் கட்டும் வேலை, கண்ணுள்ளவர்களின் தனிச்சொத்து என்ற நிலை அங்கே உடைகிறது. அவர் எழுதும் திரையில், ஒவ்வொரு விட்ஜெட்டையும் திரைவாசிப்பான் எப்படி அறிவிக்க வேண்டும் என்று குறிப்பதற்கும் புளூபிரிண்டில் தனிப் பகுதி இருக்கிறது. கண்ணுள்ள நாம் அந்தப் பகுதியை நிரப்புகிறோமா? நிரப்ப வேண்டும். கம்பைலர் நம்மை வற்புறுத்தாது. நம் நெஞ்சுதான் வற்புறுத்த வேண்டும்.

எதிர்வாதம் உண்டு என்பதை நான் அறிவேன். உடனே கண்ணால் பார்க்க முடியாதே என்பார்கள். க்னோம் பில்டர், வொர்க்பெஞ்ச் ஆகிய நிரலெழுதும் கருவிகளில் புளூபிரிண்ட் எழுத வசதி இருக்கிறது; வொர்க்பெஞ்சில் எழுத எழுதப் பக்கத்திலேயே திரை விரிகிறது. எழுத்துத்தொகுப்பான் எதுவானாலும், தட்டும்போதே பிழை காட்ட, பண்புகளின் பெயரை நினைவூட்ட, மொழிச் சேவையகமும் இதே கம்பைலருக்குள் இருக்கிறது. இன்னொரு மொழியைக் கற்க வேண்டுமே என்பார்கள். இலக்கணம் ஒரு பிற்பகலில் பிடிபடும் அளவே. கட்டுமானத்தில் பைத்தான் கருவி ஒன்று கூடுதலாகச் சேர்கிறதே என்பார்கள். உண்மை, அது ஒரு சுமைதான். மிகச் சிறிய நிரல், ஒரே சாளரம், ஒருவரே எழுதுகிறார் என்றால், நேரே எக்ஸ்எம்எல் எழுதினாலும் குடிமுழுகிப் போகாது. ஆனால் பத்துப் பேர் கூடி எழுதும் திட்டம் என்றால், அந்தச் சுமையைத் தயங்காமல் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

பழைய திட்டம் கையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜிடிகே 4-க்கு எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால், அதைப் புளூபிரிண்டாகத் திருப்பித் தரும் கட்டளை இதே கருவியில் உண்டு. திட்டம் முழுவதையும் படிப்படியாகக் கேள்வி கேட்டு மாற்றித் தரவும் ஒரு கட்டளை உண்டு. கோப்பு ஜிடிகே 3 காலத்ததா? முதலில் ஜிடிகே 4-உடன் வரும் பில்டர் கருவியால் அதை 4-க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, பிறகு இங்கே வர வேண்டும். தானாக மாறி வந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வரி வரியாகப் படியுங்கள். தேவையற்ற பண்புகள் ஏராளமாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், நீக்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஏதாவது ஒன்றின் மூலத்தை இன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் புளூபிரிண்ட் கோப்புகள் இருந்தால், ஒன்றைத் திறந்து, தமிழில் பார்க்கும்போது சொல் வெட்டுப்படும் சாளரம் எது என்று தேடுங்கள். அல்லது திரைவாசிப்பானுக்குப் பெயர் சொல்லாத பொத்தான் எது என்று தேடுங்கள். ஒரு வரி திருத்துங்கள். கம்பைல் செய்யுங்கள். திருத்தத்தை அந்தத் திட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். கம்பைலரை நிறுவுவதில் இடர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியோடு மேடையருகே வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.